கால் உதிர்க்கும் நாற்காலி

நாற்காலியின் இருக்கை மார்ச் மாதம் கிழிந்தது. பிரம்புப் பின்னல். குளிர்காலம் முழுவதும் நான் அதிலேயே உட்கார்ந்திருந்ததால் கிழிந்தது. ஹெத்விகா இறந்த பிறகு வீட்டில் வேறு எதிலும் உட்காரப் பிடிக்கவில்லை.

அது சாதாரண வளைமர நாற்காலி. பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்வது. எங்கள் மொராவியாப் பகுதியில் பீர்க்கடை, தீயணைப்பு நிலையம், பாதிரியார் வீடு என்று எங்கே போனாலும் அதே நாற்காலிதான். எங்களுடையதில் ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் சமையலறையில் ஜன்னலோரம் தரை ஓடு ஓரிடத்தில் மேடு தட்டியிருக்கும். அடியில் குழாய் போகிறது. ஹெத்விகாவுக்கு அந்த இடத்தில்தான் உட்கார வேண்டும். டிராம் திரும்புவது அங்கிருந்துதான் தெரியும். நாற்காலி ஆடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்து இடது பின்னங்காலில் ஒரு துண்டை அறுத்துவிட்டாள். நாற்காலி ஆடாமல் நின்றது.

"பாத்தியா, இஞ்சினியர் இல்லாமலே வேலை முடிஞ்சுது" என்றாள்.

நான் நகர வீடுகளைச் சூடாக்கும் வெப்ப நிலையத்தில் பொறியாளர்.

பிரம்பு பின்னுகிறவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஹெத்விகாவின் தம்பி லுபோரிடம் கேட்டேன்.

"மியூசியத்துக்குத் தூக்கிட்டுப் போ மச்சான். மாசத்துல முதல் புதன்கிழமை ஜனங்க கொண்டு வர்ற சாமான எல்லாம் பார்த்துச் சொல்றாங்க. பிரம்புக்காரன் யாருன்னு அவனுங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

எங்கள் ஊர் ஓலோமோட்ஸில் பயன்கலை அருங்காட்சியகம் பழைய மடத்துக் கட்டடத்தில் இருக்கிறது. மனிதன் உட்கார, உண்ண, ஊற்ற, தொங்கவிடச் செய்த பொருள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அவற்றில் உட்காரவோ உண்ணவோ ஊற்றவோ தொங்கவிடவோ கூடாது.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒருவர் சூப் அகப்பை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: "நல்ல பொருள். எல்லார் வீட்லயும் இருக்கு. பத்திரமா வச்சுக்குங்க." மேசைக்குப் பின்னால் இயக்குநர் டாக்டர் வானெக்கும், பழுது பார்க்கும் நிபுணர் மத்தேய்காவும் இருந்தார்கள்.

"உங்க பட்டம்?" என்றார் வானெக். எங்கள் ஊரில் பெயரைப் பிறகு கேட்பார்கள்.

"இஞ்சினியர்."

"உக்காருங்க, இஞ்சினியர் சார்."

உட்கார எதுவும் இல்லை. கொண்டுபோன நாற்காலியைத் தரையில் வைத்து அதில் உட்கார்ந்தேன். மூன்று பேர் அலறினார்கள். அந்தத் தரை சமமானது. நாற்காலி டக்கென்று பின்பக்கம் சாய்ந்து, டக்கென்று திரும்பி வந்தது.

வானெக்கின் முகம் மாறியது. மேசையைச் சுற்றி வந்து என் பின்னால் மண்டியிட்டார்.

"மத்தேய்கா," என்றார். "கால்."

மத்தேய்கா வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். அவரும் மண்டியிட்டார்.

"பிரம்பு பின்ன யார்கிட்டப் போகணும்னு கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"தயவுசெஞ்சு எழுந்திருங்க, இஞ்சினியர் சார். மெதுவா. அதுக்கு வலிக்காம."

என்னைப் பெரிய மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் கம்பளிச் செருப்புக் குவியல். மொராவியாவில் எந்த அரண்மனைக்குப் போனாலும் ஷூவுக்கு மேல் இந்தச் செருப்பை மாட்டித்தான் ஆக வேண்டும். எல்லாமே யானைக்கால் அளவு. மண்டபத்துக் காவல்காரி, ஓட்டீலியா அம்மா என்று ஒருவர், ஒரு மூலையில் உட்கார்ந்து பின்னல் வேலை செய்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"காலத் தூக்காத, தேய்ச்சு நட. தரை எப்படி மினுங்கும்? எங்களுக்கு மெருகு போட ஆள் கிடையாது. நீங்கதான்."

தேய்த்து நடந்தேன்.

பள்ளிப் புத்தகத்தில் குரங்கு மனிதனாகும் படம் இருக்குமே, அதுபோல நாற்காலிகள் வரிசையாக நின்றன. முதலில் சிங்கப் பாதமுள்ள பேராயர் சிம்மாசனம். கடைசியில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒன்று, ஒரு பல்லைப் போல. வளைமர நாற்காலிக்கும் இரும்புக் குழாய் நாற்காலிக்கும் நடுவில் ஒரு மேடை காலியாக இருந்தது.

"பாருங்க," என்றார் வானெக். "மொதல்ல நகம் போச்சு. அப்புறம் பாதம். இலை, பூ, கொழுகொழு தேவதை எல்லாம் ஒண்ணொண்ணா உதிர்ந்துச்சு. மனுஷனுக்கு வால் உதிர்ந்த மாதிரி. அழகு வேணாம்னு ஐரோப்பா கத்துக்க முந்நூறு வருஷம் ஆச்சு. சரி. இந்த வளைமர நாற்காலிக்கு எத்தன கால்?"

"நாலு."

"அந்த இரும்புக் குழாய்க்கு?"

அதற்குப் பின்னங்கால் கிடையாது. முன்னால் மட்டும் இரண்டு; உட்காரும் இடம் காற்றில் நிற்கும்.

"ரெண்டு."

"நாலு எப்படி ரெண்டாச்சு, இஞ்சினியர் சார்? ராத்திரியோட ராத்திரியா விழுந்துச்சா? இயற்கை தாவாது. நடுவுல ஒரு நாற்காலி இருந்திருக்கணும். கால் உதிர ஆரம்பிச்ச நாற்காலி. நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து இந்த மேடையக் காலியா வச்சிருக்கேன். என்னப் பார்த்துச் சிரிச்சாங்க. பிராகுல இன்னும் சிரிக்கிறாங்க."

"அது தானா உதிரல. என் மனைவி வெட்டினா."

"எதால?"

"ரம்பத்தால."

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பறவைக்குத் தனக்கு ஏன் இறக்கை முளைச்சுதுன்னு தெரியுமா? அந்த நாற்காலிக்குக் கால் உதிரணும்னு இருந்துச்சு. ஒரு கை தேவைப்பட்டுச்சு. உங்க மனைவி கை பக்கத்துல இருந்துச்சு. அவங்களப் பார்க்க முடியுமா?"

"இறந்துட்டா."

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்கு." உண்மையிலேயே வருந்தினார். கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். "இருந்தாலும் ஒரு சிக்கல் தீர்ந்துச்சு. செஞ்சவங்க உயிரோட இருந்தா நிரந்தரக் காட்சியில வைக்க எங்க விதி இடம் தராது."

நாற்காலியைத் திருப்பிக் கேட்டேன். வாசலைத் தாண்டி உள்ளே வந்த மரம் புழுச் சோதனை முடியாமல் வெளியே போக முடியாது என்றார் மத்தேய்கா. அதை உறைபனி அறையில் வைக்க வேண்டும்.

"வந்த மரம் புழுவோட வந்திருந்தா உள்ளதானே ஆபத்து? வெளியில எடுத்துட்டுப் போறேனே."

"எங்க புழு அதுல ஏறியிருந்தா?" என்றார்.

கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஏப்ரலில் மத்தேய்கா தொலைபேசியில் அழைத்தார். குரலில் உற்சாகம்.

"இருக்கையோட முன் விளிம்புல ஒரு பூச்சு கண்டுபிடிச்சிருக்கோம். கொழுப்பு, உப்பு, புரதம். ஐரோப்பாவுல எங்கயும் பதிவாகாத வார்னிஷ். உங்க மனைவிக்கு இதோட சேர்மானம் யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"அது ட்வாரூஷ்கி சீஸ். அவ ரொட்டியில தடவும்போது கைய அங்க தொடைப்பா."

எங்கள் பக்கத்துச் சீஸ் அது. மூடி வைத்தாலும் அதன் வாடை அடுத்த வீட்டுக்குத் தெரியும்.

"வாசனைய வச்சு நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் மத்தேய்கா. "டாக்டர் ஒத்துக்கல."

"பிரம்பு?"

"எந்தப் பிரம்பு?"

"கிழிஞ்சிருந்ததே."

"ஐயோ, அதத் தொட மாட்டோம். அந்தக் கிழிசல் எவ்வளவு உண்மையா இருக்கு!"

அது உண்மையாகத்தான் இருந்தது. நான் உட்கார்ந்து கிழித்தது.

மே மாதம் திறப்பு விழா. நானும் லுபோரும் போனோம். சுவரெல்லாம் நாற்காலிகள், நடுவில் ஜனங்கள். எல்லோரும் நின்றார்கள். கையில் ரொட்டித் துண்டு; மேலே உருளைக்கிழங்கு சாலட், ஹாம், ஊறுகாய் வெள்ளரி. முழங்கால் வலிக்கிற வயதுக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிராகிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வானெக் பேசினார்.

"மதிப்பிற்குரியவங்களே! ஒரு ஸ்பூன் என்ன? சூப்பு குடிக்கிற கருவின்னு பாமரன் சொல்வான். சூப்பு தற்செயல். ஸ்பூன் தன்னோட வடிவத்த நோக்கிப் போயிட்டிருந்துச்சு, வழியில சூப்பு குறுக்க வந்துச்சு. நாற்காலியும் அப்படித்தான். எத்தனையோ தலைமுறையா மக்கள் அது மேல உக்காந்து அத நமக்குப் பார்க்க விடாம மறைச்சாங்க. இந்த நிறுவனம் பொறந்ததே அதுக்குத்தான். மக்களோட பொருள்கள மக்கள்கிட்டேர்ந்து காப்பாத்த!"

கைதட்டினார்கள். தட்ட முடியாதவர்கள் ரொட்டியை ஆட்டினார்கள்.

"எங்கம்மாகிட்ட இவன் ஸ்பூன் பத்திப் பேசட்டும்," என்றான் லுபோர் என் காதில். "அந்த ஸ்பூனாலயே போடுவா."

திரை விலகியது. ஹெத்விகாவின் நாற்காலி காலி மேடையில் நின்றது. விளக்கு முழுக்க அந்தக் குட்டைக் காலின் மேல். கீழே பலகையில் எழுதியிருந்தது: 'உதிர்நிலை நாற்காலி. செய்தவர்: பெயர் அறியப்படாத மொராவியக் கை.'

"பெயர் அறியப்பட்டதுதான்," என்றேன் வானெக்கிடம். "ஹெத்விகா. நான் சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா பேர் போட்டா அது ஒரு பொம்பள செஞ்ச காரியமாயிடும். பேர் இல்லாட்டி அது வரலாறு."

அப்போதுதான் பிராக் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். நாற்காலி மகத்தானது, சந்தேகமில்லை, ஆனால் நண்பர் வானெக் அதைத் தலைகீழாகப் படிக்கிறார் என்றார். கால் உதிரவில்லை. வளர்கிறது. மாட்டுக்கொட்டகையில் பால் கறக்க மூன்று கால் முக்காலி இருந்தது. அதற்கு நாலாவது கால் முளைக்கும் கட்டம் இது.

"உதிருது!" என்றார் வானெக்.

"முளைக்குது!" என்றார் பேராசிரியர்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என்னைக் கேட்டார்கள். நான் முன்னாள் பயன்படுத்துநர் என்பதால் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றார்கள்.

"தரையில மேடு இருந்துச்சு," என்றேன்.

"உணர்ச்சிவசப்பட்டிருக்கார்," என்றார் பேராசிரியர். இருவரும் அதில் ஒத்துப்போனார்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியைப் பார்க்கப் போனேன். கல்லறைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் போவது. கல்லறையில் செருப்பு மாற்ற வேண்டியதில்லை. மண்டபத்தில் தேய்த்து நடந்து, தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மறுபடி வந்துட்டியா, இஞ்சினியர் தம்பி," என்பார் ஓட்டீலியா அம்மா. "அது எங்கயும் ஓடிப் போகாது. அதுக்குக் கால் சரியில்லன்னு எழுதிப் போட்டிருக்கு."

அவர் உட்கார்ந்திருந்தது சந்தையில் விற்கும் பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி. சொந்தக் காசில் வாங்கியது. வரிசையில் நிற்கிற எல்லா நாற்காலிகளைப் பற்றியும் வானெக் புத்தகம் எழுதியிருக்கிறார். இதை அவர் பார்த்ததே இல்லை.

"அம்மா, ஒரே ஒரு தடவ உக்காந்துட்டுப் போயிடறேன்."

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கப்பா."

"சரி."

அவர் பின்னலை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். இஸ்திரி போடாத சட்டை.

"பொண்டாட்டியோடதா?"

தலையாட்டினேன்.

"அந்த மூலை ஜன்னல் கொஞ்சம் இறுக்கம்," என்றார் எழுந்துகொண்டே. "மூட ரொம்ப நேரம் ஆகும். முதுகு இந்தப் பக்கம்தான் இருக்கும். சீக்கிரம்."

கயிற்றைத் தாண்டினேன். உட்கார்ந்தேன். கிழிசலில் என் இடம் அப்படியே இருந்தது. நாற்காலி டக் என்று பின்னால் சாய்ந்தது. அங்கே மேடு இல்லை. டிராம் இல்லை. எதிரே பேராயர் சிம்மாசனம். பிறகு எச்சரிக்கை மணி அடித்தது, கட்டடம் முழுவதும்.

வானெக் கம்பளிச் செருப்போடு சறுக்கிக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. வெளுத்துப்போயிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? ரெண்டு மாசமா அது கலைப்பொருள். இப்ப மறுபடி நாற்காலி ஆயிடுச்சு. திரும்ப உறைபனியில வைக்கணும். மறுபடி முதல்லேர்ந்து."

என்னை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. ஓட்டீலியா அம்மாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. கரண்டி மண்டபத்துக்கு மாற்றினார்கள். தன் பச்சை நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனாராம்.

லுபோர் பீர் வாங்கிக்கொண்டு வந்தான். சமையலறையில் நின்றபடி குடித்தோம்.

"மச்சான், அவ அறுத்த துண்டு எங்க?"

"அதோ."

சாமான் அறைக் கதவின் அடியில் இருந்தது. அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஹெத்விகா அறுத்ததுமே துண்டை அங்கே செருகிவிட்டாள். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எடுத்துட்டுப் போய் அவன் மூஞ்சில வை," என்றான் லுபோர். "உதிர்ந்துச்சாம், முளைச்சுதாம். பரிணாமத்துக்கு ரம்பப் பல்லு எப்படி வந்துச்சுன்னு கேளு. ஒரே நாள்ல நாற்காலிய வீட்ல கொண்டு வந்து எறிவான்."

சரியாகத்தான் இருந்தது. குனிந்து துண்டை உருவினேன். கதவு மெதுவாகத் திறந்துகொண்டது.

உள்ளே விடாததால் அருங்காட்சியக வாசலில் நின்றேன்; வானெக் அங்கே வந்து துண்டைக் கையில் வாங்கினார். கையுறை போட மறந்துவிட்டார். மத்தேய்கா நாற்காலியைக் கொண்டுவந்து, துண்டைக் காலின் அடியில் பொருத்திப் பார்த்தார். மரத்தின் ரேகை ரேகையோடு சேர்ந்தது. ரம்பம் ஓரிடத்தில் வழுக்கிய கீறல்கூடப் பாதி மேலே, பாதி கீழே இருந்தது.

வானெக் குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவினார்.

"ஏன் இத முன்னாடியே சொல்லல?" என்றார் வானெக்.

"சொன்னேன்."

"நீங்க உங்க மனைவி வெட்டினான்னு சொன்னீங்க. வெட்டினான்னு யாரும் சொல்லலாம். துண்ட இப்பத்தானே காட்டறீங்க." நாற்காலியை முதல் முறையாக அருவருப்போடு பார்த்தார். "அப்ப இது உதிரல. சேதம்."

பிராகுக்குப் போன் போட்டார்கள். பேராசிரியரும் சேதம் என்றுதான் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். ஐரோப்பியப் பயன்கலையில் அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது.

"சரி, அப்ப நான் எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

"எடுத்துட்டுப் போங்க, இஞ்சினியர் சார். எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை வாங்க."

"இப்பவே போறேனே."

"ஒரு பொருள இந்த நிலைமையில வெளிய அனுப்பினா எங்க பேர் என்ன ஆகும்?" என்றார். நெஞ்சில் கை வைத்தார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை போனேன். பரிணாம மண்டபம் வாசலிலிருந்தே தெரிந்தது. மேடை மறுபடி காலி. விளக்கை மட்டும் அணைக்கவில்லை. புதுப் பலகை வைத்திருந்தார்கள்: 'இங்கே ஒன்று இருந்திருக்க வேண்டும்.' பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தேய்கா நாற்காலியைத் துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்தார். பெருமையாகத் துணியை விலக்கினார். இருக்கையில் புதுப் பிரம்பு, இறுக்கமாக, மஞ்சளாக. முன் விளிம்பைத் துடைத்திருந்தார். வாசனை எதுவும் இல்லை. நாலு கால்களும் சம நீளம்.

"துண்ட ஒட்டிட்டேன்," என்றார். "மீன்பசை. பழைய முறை. மேல மெழுகு தேய்ச்சிருக்கேன். எங்க ஒட்டியிருக்குன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

இடது பின்னங்காலில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே கொண்டுபோனேன். நகத்தால் கீறிப் பார்த்தேன்.

"தெரியல."

"எனக்கே தெரியல!" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. "நேத்துச் சாயங்காலம் நானே தேடினேன், இஞ்சினியர் சார். யாரும் வெட்டவே இல்லாத மாதிரி இருக்கு."

நன்றி சொன்னேன். டிராமில் நாற்காலியோடு ஏறினேன். ஒரு பெரியவர் அதில் உட்காரலாமா என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். ஓடுகிற டிராமிலும் அது ஆடவில்லை.

வீட்டில் ஜன்னலோரம் வைத்தேன். உட்கார்ந்தேன். இடது பின்னங்கால் மேட்டில் ஏறி நின்றது. டக் என்று முன்னால். டக் என்று பின்னால்.

லுபோர் வந்து பார்த்தான். பிறகு சாமான் அறைக்குள் போய் ரம்பத்தை எடுத்து வந்தான்.

"திரும்ப அறு மச்சான். நீ இஞ்சினியர்தானே. அளந்து அறுத்தா முடிஞ்சுது."

அளந்தேன். அளப்பது கஷ்டமில்லை. மேட்டின் உயரம் தெரியும். பென்சிலால் கோடு போட்டேன். ரம்பத்தை வைத்தேன். கோடு நேராக, மிகச் சரியாக இருந்தது. ஹெத்விகா எதையும் அளந்ததில்லை. அவள் அறுத்தது இதற்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம், கொஞ்சம் கீழே இருக்கலாம். ரம்பத்தை எடுத்துவிட்டேன்.

"இப்ப என்ன?" என்றான் லுபோர்.

"ஒண்ணுமில்ல."

அவன் போன பிறகு உட்கார்ந்தேன். டக், டக். கீழ் வீட்டுக்காரர் வெப்பக் குழாயைச் சாவியால் தட்டினார். எங்கள் கட்டடத்தில் சத்தத்துக்கு அதுதான் பதில். நான் நிறுத்தினேன். டிராம் திரும்புவதைப் பார்க்கக் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். சாய்ந்தால் ஆடுகிறது. ஆடினால் அவர் தட்டுகிறார்.

அசையாமல் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன்.